நிரப்பாமல் விட்ட வட்டங்கள்

எங்கள் ஆபீஸ் இப்போது சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. நான் வேலை பார்த்தபோது காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது. போன மாதம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு இன்ஜினியர் பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். நிலத்தடி நீர் பார்க்க போனில் ஒரு ஆப் செய்திருக்கிறார்களாம். தோட்டத்தின் இடத்தைக் காட்டினால் திரையில் ஒரே ஒரு எண் வருகிறது. 512 அடி. பச்சை நிறத்தில், பெரிதாக, பார்த்தாலே தாகம் தீர்கிற மாதிரி.

"வட்டம் எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"அதை எடுத்துட்டோம்ங்ணா. பாக்கறவங்க கொழம்பிக்கறாங்க. உள்ள ஒரு பட்டன் இருக்குது, அமுக்குனா வரும்."

"யாரு அமுக்கறாங்க?"

"யாரும் அமுக்கறதில்லீங்ணா."

வட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஆபீஸில் சண்டையாம். பழைய ஆள் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் அதை மிக ஆழமாகப் படித்தவன். இரண்டு வருடம் படித்தேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை. இந்தக் கட்டுரையே அவற்றைப் பற்றியதுதான்.

என் பெயர் நாச்சிமுத்து. என் வேலை, தண்ணீர் பாயிண்ட் பார்க்கும் குழுவில் கம்பி அடிப்பது. வேலை கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அதில் ஐந்து நாள் சம்மட்டி என் கால் கட்டைவிரலைக் கற்றுக்கொண்டது.

எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்; அந்தக் காட்டில் நேர்கோடாக நான்கு இரும்புக் கம்பிகளை அடிக்க வேண்டும். வெளிக்கம்பி இரண்டின் வழியாக பூமிக்குள் கரண்ட் போகும். உள்கம்பி இரண்டும் பூமி அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, மீட்டர் இன்னும் ஆழத்திலிருந்து பதிலைக் கொண்டு வரும். மண் காய்ந்து கிடந்தால் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். டாக்டர் ஈசிஜி எடுப்பதற்கு முன் நெஞ்சில் ஏதோ தடவுகிறாரே, அது மாதிரி. ஈரம் இருக்கும் இடத்தில் பாறை ஒரு மாதிரி பேசும், இறுகிய இடத்தில் வேறு மாதிரி பேசும். ஆனால் எங்கள் பக்கத்துப் பாறை பெரிய கள்ளன். தண்ணீர் வெடிப்புக்குள்தான் ஓடும். வெடிப்பு ஒரு கை அகலம் தள்ளிப்போனாலும் போர் குழியில் தண்ணீருக்குப் பதில் பாறைப்பொடி வெள்ளைப் புகையாகத்தான் வரும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் லலிதா மேடம். கத்த மாட்டார். தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி, புடவை முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான். அதற்கு நான்கு அறை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கம்பி இடத்திலும் மீட்டரை இரண்டு தடவை பார்ப்பார். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மூன்றாவது தடவை. மூன்றையும் எழுதுவார், ஒன்றையும் அடிக்க மாட்டார்.

"மேடம், ரெண்டாவது தப்புங்க, அடிச்சுப் போடலாமுங்க" என்று ஒருநாள் சொன்னேன்.

"எதுனால தப்பு?"

"மத்த ரெண்டோட சேரலீங்களே."

"உங்க அண்ணன் தம்பிகளோட நீங்க சேர்றதில்லைன்னு உங்களை அடிச்சுட முடியுமா, நாச்சிமுத்து?"

அதற்கப்புறம் நான் எந்த எண்ணையும் அடிக்கச் சொன்னதில்லை.

மேடம் எழுதிக் கொடுக்கும் தாளில் 'தண்ணீர் 380 அடியிலிருந்து 560 அடிக்குள்' என்று இருக்கும். தோட்டக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாங்கள் ஜீப்புக்குக் கிளம்பும்போது இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிடுவார். எல்லாத் தோட்டத்திலும் இது நடக்கும். "ஏனுங்க, மேடம் என்னமோ எழுதியிருக்கறாங்க. நீங்கதான் கம்பி அடிச்சீங்க. உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும். எத்தனையாவது அடீங்க?"

கைக்குத் தெரிந்தது கொப்புளம் மட்டும்தான். ஆனால் ஒரு மனிதனை மரியாதையாக 'ஏனுங்க' என்று கூப்பிட்டு, இளநீரும் கொடுத்து, உனக்குத்தான் தெரியும் என்றால் அவன் என்ன செய்வான்? நான் ஒரு எண் சொல்வேன். அதிலும் எனக்கு ஒரு தொழில்நுணுக்கம் உண்டு. நானூறு என்று சொல்ல மாட்டேன். குத்துமதிப்பு என்று நினைப்பார்கள். நானூற்றி முப்பத்தைந்து என்பேன். பூமிக்குள் போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து மூச்சு விடுகிறவன் மாதிரி. அந்தக் கடைசி ஐந்து அடிக்காகவே என்னை நம்பினார்கள்.

தண்ணீர் வந்த தோட்டக்காரர்கள் ஆபீஸுக்கு என் பெயரைச் சொல்லி இனிப்பு அனுப்புவார்கள். வராதவர்கள் எதுவும் அனுப்ப மாட்டார்கள். அதனால் என் கணக்கில் வந்தது மட்டுமே இருந்தது. எனக்கு ஒரு அதிசய சக்தி இருப்பதாக நான் உண்மையாகவே நம்பினேன். வீட்டில் சாவி தொலைந்தால்கூட கையை நீட்டிக்கொண்டு நடந்து பார்ப்பேன். சாவி கிடைத்ததில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மேடத்துக்கு வேறு கவலை. தாளில் இன்ன அடியிலிருந்து இன்ன அடி என்று போட்டால் ஆட்கள் முதல் எண்ணை மட்டும் படிக்கிறார்கள். தண்ணீர் வராமலே போகலாம் என்பது யார் மண்டையிலும் ஏறுவதில்லை. அதனால் ஒரு தடவை 'தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு அறுபது சதவீதம்' என்று எழுதிப் பார்த்தார். அன்னூர்க்காரர் ஒருவர் அதைப் படித்து முகமெல்லாம் மலர்ந்து, "அறுவதுங்களா! ஃபர்ஸ்ட் கிளாஸுங்க மேடம்! எம்பையன் பிளஸ் டூவுல நாப்பத்தஞ்சுதானுங்க" என்றார். அவருக்கு எதிரே மேடம் கண்ணாடியைத் துடைத்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து வட்டம் வந்தது. தாளின் நடுவில் ஒரே அளவில் பத்து வட்டம். ஆறு இடத்தில் தண்ணீர் வரும் என்று தோன்றினால் ஆறு வட்டத்தை நீலப் பென்சிலால் நிரப்புவார். நான்கை அப்படியே விடுவார். "இதே மாதிரி பத்து காட்டுல ஓட்டுனா ஆறு காட்டுல வரும், நாலுல வராது. உங்க காடு எதுன்னு எனக்குத் தெரியாது" என்பார். ஆட்கள் நிரப்பிய வட்டத்தைப் பார்க்கவில்லை. வெற்று வட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எண்ணாகச் சொன்னபோது காதில் ஏறாதது விரலில் ஏறியது.

ஏறியதும் பலர் எழுந்து போய்விட்டார்கள். வேறு இடத்தில் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் பாயிண்ட் போட்டுக் கொடுப்பவர்களிடம் வெற்று வட்டமே கிடையாது. சிலர் வட்டத்தைப் பார்த்துப் பயந்து, ஓட்டவும் முடியாமல் விடவும் முடியாமல், மறுபடி மறுபடி எங்களையே கூப்பிட்டுக் கம்பி அடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மேடம் வட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'நிறுத்தும் ஆழம்.' தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் கீழே போகாதே. வட்டம் மட்டும் காட்டினால் மனிதன் முழிப்பான். எங்கே நிற்பது என்பதையும் சேர்த்துக் காட்டினால் நடப்பான். பிள்ளைகளே, ஆப்பில் இதையும் போடுங்கள். பட்டனுக்குள் போடாதீர்கள்; முகத்தில் போடுங்கள்.

வியாபாரம் குறைந்தது. வட்டத்தை எடுத்துவிடலாமா என்று முதலாளி கேட்டதற்கு, "வட்டம் போனா நானும் போயிடறேன் சார்" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். டீ வேண்டாம் என்று சொல்கிற குரலில். முதலாளி அதற்கப்புறம் கேட்கவில்லை.

எங்களுக்கும் ஒரு நோட்டு வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் நான், டிரைவர், மேடம் மூன்று பேரும் போர் ஓட்டுவதற்கு முன்னாலேயே அவரவர் வட்டத்தை நிரப்பி வைக்க வேண்டும். ஓட்டி முடித்தபின் தண்ணீர் வந்ததா இல்லையா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். நான் தாராள மனசுக்காரன். எங்கே போனாலும் ஒன்பது. ஒரு வருடம் கழித்து நோட்டைப் பிரித்தோம். நான் ஒன்பது நிரப்பிய காடுகளில் பாதியில் புகைதான் வந்திருந்தது. மேடம் ஆறு போட்ட காடுகளில் ஏறக்குறைய பத்துக்கு ஆறில் தண்ணீர். டிரைவர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டிருந்தான். அவன் என்னைவிடப் பெரிய மேதை என்று நோட்டு சொன்னது.

"உங்களுக்கு சக்தி இல்லைன்னு இல்ல, நாச்சிமுத்து" என்றார் மேடம். "உங்களுக்கு ஞாபகம் இல்ல. இனிப்பு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது சிரித்து விடுகிற விஷயமில்லை என்று உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தெரிந்தது.

ரத்தினம்மாள் என்று ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். நூற்று நாற்பது தென்னை. பழைய போர் ஒன்று தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டு நின்றுவிடும். மட்டைகள் தொங்கிக்கிடந்தன. இன்னொரு போருக்குப் பாயிண்ட் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். நான் ஜீப்பிலிருந்து இறங்கியதும் என்னையே பார்த்தார்.

"நீங்கதானுங்களே முன்னாலயும் வந்தீங்க?"

எனக்கு ஞாபகமே இல்லை. அவர் உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து மேடத்திடம் கொடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்தையது. வட்டம் வருவதற்கு முன்னால் எழுதியது. '380 அடியிலிருந்து 560 அடிக்குள்.'

மேடம் கேட்டார்: "ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனமுங்க. நானூத்தி அம்பதோட நிறுத்திப்போட்டமுங்க. புகைதான்."

"560 வரைக்கும்னு எழுதியிருக்கே. ஏன் அங்கயே நிறுத்துனீங்க?"

"இந்த அண்ணன் நானூத்தி முப்பத்தஞ்சுன்னு சொன்னாருங்க. அதையும் தாண்டி பதினஞ்சடி ஓட்டிப் பாத்தமுங்க."

அடுத்த வருடம் கிழக்குத் தோட்டத்துக்காரர் ஐந்நூற்றுப் பத்தில் தண்ணீர் எடுத்துவிட்டார். அதற்குள் இவர்கள் தங்கள் குழியை, குழந்தைகள் விழாமல் இருக்க, கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். இப்போது அந்தக் கிழக்குப் போரிலும் தண்ணீர் இறங்கிவிட்டது.

ரத்தினம்மாள் என்னைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. "அந்த வருசந்தானுங்க எங்கூட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரு. போர் ஓட்டறதுக்குத் தேங்காய் ஒடைக்கறப்ப நான் பக்கத்துல வந்து நின்னுபோட்டேன். அதுனாலதான் தண்ணி ஓடிப்போச்சுன்னாங்க. எனக்கும் அப்படித்தானுங்க பட்டுது. அப்புறம் ஒரு எடத்துக்கும் நான் முன்னால போறதில்லீங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நாச்சிமுத்து, நீங்களே சொல்லுங்க."

என் வாயில் எப்போதும் ஒரு கேலி ரெடியாக இருக்கும். அன்றைக்கு வாய் காலியாக இருந்தது. "அம்மிணி, அந்த நானூத்தி முப்பத்தஞ்சு மீட்டர்ல வந்ததில்லீங்க. நானா சொன்னது. நீங்க கேட்டீங்க, தெரியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க. தண்ணி வராததுக்கு உங்க ராசி காரணமில்லீங்க. என்ற வாய்தானுங்க."

அவர் மேடத்திடமிருந்து தாளை வாங்கி மடித்தார். பிறகு, "ஏழு வருசமுங்ணா" என்றார்.

அன்றைக்குக் கம்பியை நான் அடித்த மாதிரி யாரும் அடித்திருக்க மாட்டார்கள். மூன்று கோட்டில் அடித்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் தாளில் பத்து வட்டம் போட்டு, நீலப் பென்சிலை என் கையில் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்தது நான்கு. நான்கை நிரப்பிவிட்டேன். என் கை ஐந்தாவதின் ஓரத்தில் போய் நின்றது.

"பாவத்துக்கு வட்டம் நெரப்பாதீங்க" என்றார் மேடம், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பென்சிலை எடுத்துவிட்டேன். நான்கு நீலம், ஆறு வெற்று. 'தண்ணீர் 450 அடியிலிருந்து 650 அடிக்குள். நிறுத்தும் ஆழம் 650.'

ரத்தினம்மாள் மற்றவர்கள் மாதிரியே வெற்று வட்டத்தைத் தொட்டார். ஆனால் மற்றவர்கள் கேட்காததைக் கேட்டார். "அறநூத்தி அம்பதோட நின்னுபோட்டா, கையில இருக்கறதுல சொட்டுநீர்க் குழாய் போட மிச்சம் இருக்குமுங்க. அதுக்கும் கீழ போனா இருக்காது. இந்த ஆறுல ஒண்ணு நம்முதுன்னா என்ன பண்றதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிப்போட்டுத்தான் வண்டியக் கூப்புடோணும். சரிங்களா?"

சரிதான் என்று மேடம் தலையாட்டினார். நான்கு வட்டத்துக்கு ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்பது, வராவிட்டால் 650-ல் நிறுத்தி, இருக்கும் தண்ணீருக்கு எத்தனை மரம் தாங்குமோ அத்தனையைக் காப்பாற்றுவது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ரத்தினம்மாள் போனில் இதைத்தான் சொன்னார். ஓட்டும் நாளைக்கு நான் வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

போர் போடும் ரிக் வண்டி காலையில் வந்தது. அவருடைய கொழுந்தனார் சுப்பிரமணி பூஜைச் சாமானோடு நின்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். "நங்கை, நீங்க ஊட்டுக்குள்ள இருங்க. முடிஞ்சதும் கூப்புடறேன்" என்றார்.

"இல்லீங்க தம்பி. தேங்காயக் குடுங்க, நானே ஒடைக்கறேன்."

"போன தடவை…"

"போன தடவை என்ன நடந்துச்சுன்னு இந்த அண்ணனைக் கேளுங்க. சொல்லுவாரு."

சொன்னேன். ரிக்காரர்கள் நான்கு பேர் முன்னால், டிரைவர் முன்னால், என் வாயால் மறுபடி சொன்னேன். சுப்பிரமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து போதாது. தேங்காயை நங்கையிடம் கொடுத்துவிட்டார். அவர் உடைத்தார். மிஷின் கிளம்பியது.

நானூற்று எண்பதில் புகை கறுத்து, பொடியில் ஈரம் தெரிந்தது. எல்லோரும் குழிப்பக்கம் ஓடினோம். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இருபது அடி கழித்து மறுபடி வெள்ளைப் புகை. ஐந்நூற்று ஐம்பது. அறுநூறு. எல்லார் தலையும் புருவமும் வெள்ளை. அறுநூற்று ஐம்பதில் ரிக்காரர் மிஷினைக் குறைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நங்கை, இன்னொரு நூறடி ஓட்டிப் பாக்கலாமுங்க" என்றார் சுப்பிரமணி. "இவ்வளவு தூரம் வந்துபோட்டு நிறுத்தறதுங்களா? நாளைக்குப் பக்கத்துக்காட்டுல வந்துபோச்சுன்னா?"

"நம்ம அனுபவத்துல ஏழுநூத்துல வருமுங்க" என்றார் ரிக்காரர். அவருக்கும் என்னைப் போல ஒரு வாய் இருந்தது.

ரத்தினம்மாள் என்னிடம் திரும்பினார். முகமெல்லாம் பாறைப்பொடி; கண் மட்டும் தெரிந்தது. "அண்ணா, நீங்க சொல்லுங்க."

ஒரு எண் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து. சத்தியமாக வந்தது. அதை எச்சிலோடு விழுங்கினேன்.

"அறநூத்தி அம்பதுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. மேடத்துக்கும் தெரியாதுங்க. அதுக்கு நாங்க வட்டமே போடலீங்க."

அவர் ரிக்காரரிடம் சொன்னார்: "தூக்குங்க."

"நங்கை!"

"தம்பி, அந்த நூறடிக்கு ஆகற காசு குழாய்க்கு வெச்சிருக்கறதுங்க. தூக்கச் சொல்லுங்க."

ரிக்கின் துளைக்கம்பிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர், "தேங்காய் ஒடைச்ச கை…" என்று ஆரம்பித்தார். ரத்தினம்மாள் மடியிலிருந்து தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதுல ஆறு வெத்து இருக்குது பாத்தீங்களா? கம்பி அடிச்ச அன்னைக்கே போட்டது. என்ற கை இதுல எங்க இருக்குது? காட்டுங்க பாக்கலாம்." பெரியவருக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்து, எனக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "இப்ப சொல்லுங்க. பழைய போர்த் தண்ணிக்கு எத்தனை மரம் தாங்கும்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. அளந்து பாக்கோணும்."

"அளங்க."

இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்தோம். சுப்பிரமணி போனில் நேரம் பார்த்தார். முதல் தடவை நான்கு நிமிடத்தில் நிரம்பியது. இரண்டாவது தடவை நாலேமுக்கால். மூன்றாவது நாலேகால். மூன்றையும் எழுதினேன், ஒன்றையும் அடிக்கவில்லை. மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர் கணக்குப் போட்டுத் திருப்பிச் சொன்னார்: சொட்டுநீரில் எழுபத்தெட்டு மரத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை தாங்கும்.

"எழுவத்தெட்டே வெச்சுக்கறேன்" என்றார் ரத்தினம்மாள். "தண்ணி கூட இருந்தா இருக்கட்டும். கொறஞ்சா மரம் தாங்காது."

அவரே சுண்ணாம்பு கரைத்தார். காய்க்கிற மரம், இளசு, பழைய போருக்குப் பக்கத்திலிருப்பது என்று பார்த்துப் பார்த்து, வைத்துக்கொள்கிற மரத்துக்கு மட்டும் இடுப்பளவில் ஒரு பட்டை அடித்துக்கொண்டே போனார். விடுகிற மரத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று, கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். மூன்று வரிசை முடிந்ததும் சுப்பிரமணி வந்து வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எது எதுன்னு சொல்லுங்க நங்கை" என்றார்.

அவர் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.